எட்டாம் நம்பர்க்காரி

வெயில் மைதானத்தில் வெள்ளையாகக் கிடந்தது. சுண்ணாம்புக் கோடு எது, வெயில் எது என்று பிரித்துப் பார்க்க முடியாத வெள்ளை.

நடுவில் ஒரு மண்மேடு. முழங்கால் உயரம்கூட இல்லை. அதன் மேல் ஒரு பெண். நீலச் சட்டை. முதுகில் எட்டு.

அவள் கால் உயர்ந்தது. கை சுழன்றது. பந்து போனது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. சத்தம் மட்டும் வந்தது.

டப்.

பந்து பிடிப்பவளின் தோல் கையுறைக்குள் போய் விழுந்த சத்தம். மட்டை அதற்கப்புறம்தான் சுழன்றது. வெறும் காற்றைச் சுழற்றிக்கொண்டு வந்து நின்றது.

"அவுட்டா?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"அவுட்டு," என்றான் அவள் தம்பி செண்பகராஜ்.

"வந்து நின்னு ஒரு நிமிசம்கூட ஆகலயேடா."

"மூணு பந்து விட்டுட்டாள்லாக்கா. மூணு ஸ்ட்ரைக் ஆனா அவுட்டு. அவ்வளவுதான் ஆட்டம்."

ஆவுடை முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள். விடிவதற்கு முன் எழுந்தது இதற்காக. பதினெட்டுப் பேருக்குப் புளிச்சோறு கட்டியது இதற்காக. கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு இரண்டு மணி நேரம் வேனில் குலுங்கி வந்தது இதற்காக. வந்து உட்கார்ந்தால், வந்தவள் எல்லாம் நிற்கிறாள், போகிறாள். நிற்கிறாள், போகிறாள்.

மூன்று பேர். ஒன்பது பந்து. முதல் இன்னிங்ஸ் முடிந்தது.

*

கோவில்பட்டி ஹாக்கி ஊர். தெருவுக்கு நான்கு பேர் ஹாக்கி மட்டையோடு திரிவார்கள். செண்பகராஜ் ஒரு காலத்தில் மாவட்ட அணியில் ஆடியவன். அந்த ஊரில் பிறந்த ஒரு பெண் பேஸ்பால் ஆடப் போவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை.

ஆவுடையின் மகள் சங்கரேஸ்வரி போனாள். எட்டாம் வகுப்பில் ஹாக்கிக்கு ஆள் எடுத்தபோது அவளை எடுக்கவில்லை. அந்தக் கோபத்தில் போனாள். கோபம் இன்னும் தீரவில்லை. இப்போது பிளஸ் டூ படிக்கிறாள். அணியில் நான்காவதாக மட்டை பிடிப்பவள். நான்காம் இடம் என்றால் அடித்தே தீர வேண்டிய இடம்.

ஆவுடைக்கு மாவுக்கடை. இட்லி மாவு. இரண்டு கிரைண்டர், ஒரு ஃப்ரிட்ஜ், காலையும் மாலையும் தூக்குவாளியோடு வந்து நிற்கும் பெண்கள். கடைக்கு லீவு விட்டு அவளுக்குப் பழக்கமே இல்லை. இன்று விட்டாள். 'இன்று மாவு இல்லை' என்று அட்டையில் எழுதித் தொங்கவிட்டபோது கை ஒரு மாதிரி இருந்தது.

ஏனென்றால் இன்று இறுதிப் போட்டி. ஷாமியானாவுக்கு அடியில், பிளாஸ்டிக் நாற்காலிகளில், மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாநில அணிக்கு ஆள் எடுக்க வந்தவர்கள். அந்த அணியில் பெயர் வந்துவிட்டால் சென்னையில் ஒரு கல்லூரியில் இடமும் விடுதியும் நிச்சயம். வராவிட்டால் என்ன என்று வீட்டில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. பேசாமலே எல்லாருக்கும் தெரிந்திருந்தது. பிளஸ் டூவோடு மட்டை பரணுக்குப் போய்விடும்.

எதிரில் பரமக்குடி அணி. அதில் இந்த எட்டாம் நம்பர்க்காரி.

*

இரண்டாவது இன்னிங்ஸில் முதல் ஆளாகச் சங்கரி வந்தாள்.

வேனில் வந்த கூட்டம் முழுவதும் எழுந்து நின்றது. ஆவுடையின் கணவர் சண்முகவேல் மைதானப் படியில் ஏறி நின்று இரண்டு கையையும் வாயில் குவித்தார். அவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்குப்பிள்ளை. ஆபீஸில் மெதுவாகப் பேசுபவர். "ஏத்தி அடி பாப்பா! ஏத்தி அடி!"

எட்டாம் நம்பர் அவசரப்படவில்லை. தொப்பியைக் கழற்றினாள். முடியை உள்ளே தள்ளினாள். தொப்பியைப் போட்டாள். குனிந்து மண்ணை எடுத்துக் கையில் தேய்த்தாள். ஊதினாள்.

"என்னத்துக்கு இவ்வளவு சோலி பாக்கா? போட வேண்டியதுதான?" என்றாள் ஆவுடை.

டப்.

சங்கரி அசையவில்லை.

டப்.

சங்கரி அசையவில்லை. பந்து இடுப்புக்கு நேராகப் போனது. அம்பயர் கையை உயர்த்தினார்.

டப்.

மூன்று. சங்கரி ஒரு தடவைகூட மட்டையை வீசாமல் திரும்பி நடந்தாள்.

"ஏன்டா, அவ சும்மாதான நின்னா? அடிக்கவே இல்லயே. எப்படி அவுட்டு?"

"அடிக்காட்டாலும் அவுட்டுதான்க்கா. பந்து சரியான எடத்துல போச்சுன்னா."

"சரியான எடம்னா எந்த எடம்?"

செண்பகராஜ் கொஞ்சம் யோசித்தான். "அது அம்பயருக்குத்தான் தெரியும்."

"அப்ப நீ என்ன எழவுக்குடா முன்னால வந்து உக்காந்து எல்லாத்துக்கும் விளக்கம் சொல்லிட்டு இருக்க?"

அவன் குனிந்தான். ஒரு சுள்ளியை எடுத்து, படிக்குக் கீழே இருந்த புழுதியில் கோடு போட்டான். மட்டையில் படாத அவுட்டுக்கு மட்டும் ஒரு கோடு. அதுவரை நான்கு. வந்த நான்கு பேருக்கும் கோடு.

*

பிறகு ஐந்து. பிறகு ஆறு.

புரட்டாசி வெயில். மேற்கே மேகம் இருந்தது. இருந்து என்ன. அது அங்கேயே இருந்தது. ஒரு துளி நிழல்கூட இந்தப் பக்கம் அனுப்பவில்லை.

மூன்றாவது இன்னிங்ஸில் நம் பெண் ஒருத்தி பந்தைக் கைக்குள் வாங்கி, கைக்குள்ளிருந்து நழுவவிட்டாள். பரமக்குடிக்கு ஒரு ரன். ஒரே ஒரு ரன். அதைத் திருப்பி எடுக்கும் ஆத்திரத்தில் நம் ஆட்கள் ஒவ்வொருத்தியாகப் போனார்கள். ஒவ்வொருத்தியாகத் திரும்பினார்கள்.

மட்டையை வீசியவள் திரும்பினாள். வீசாதவளும் திரும்பினாள். ஒருத்தி பந்தைத் தொட்டேவிட்டாள். வேன் ஆர்ப்பரித்தது. பந்து சோம்பலாக உருண்டு எட்டாம் நம்பரின் காலடிக்கே போனது. அவள் கீரைக்கட்டை எடுப்பது போல எடுத்து, ஓடுபவள் போய் மிதிக்கும் முன் முதல் பேஸுக்கு எறிந்தாள். அவுட்.

ஆவுடைக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"எம்மா தாயே, உனக்குக் கை வலிக்காதா," என்றாள் மேட்டைப் பார்த்து. "ஒரு பந்தாவது தப்பா போடேன். ஒண்ணே ஒண்ணு."

தொப்பி. முடி. மண். ஊதல். டப்.

"அவளுக்குக் கண்ணு தெரியாம போவ," என்றாள். சொன்ன மறு நொடியே மனசு சுருக்கென்றது. சின்னப் பெண். சங்கரி வயதுதான் இருக்கும். "தெரியாம போக வேண்டாம். கொஞ்ச நேரம் தூசி விழட்டும்," என்று திருத்திக்கொண்டாள்.

ஐந்தாவது இன்னிங்ஸில் சங்கரி மறுபடி வந்தாள். இந்தத் தடவை மூன்றையும் வீசினாள். மூன்றும் காற்று. மூன்றாவது வீச்சில் நிலைதடுமாறி ஒரு முழங்காலில் விழுந்தாள். எழுந்து மண்ணைத் தட்டவில்லை. மண்ணோடு நடந்தாள்.

"பந்தைப் பாத்து அடின்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்!" என்று சண்முகவேல் கத்தினார்.

"பந்து தெரிஞ்சாத்தான பாக்க முடியும் அத்தான்."

"நீ சும்மா இருடே. ஹாக்கி ஆடுனவனுக்கு இதுல என்ன தெரியும்?"

"தீப்பெட்டி ஆபீஸ்ல இருக்கவுகளுக்கு ரொம்பத் தெரியுமோ?"

இருவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள் ஆவுடை. இந்தக் காதில் ஒருவர், அந்தக் காதில் ஒருவர். தலைக்கு மேலே வெயில். எதிரே அந்தப் பெண். தொப்பி, முடி, மண், ஊதல்.

அவளால் முடியவில்லை. எழுந்தாள். செருப்பை மாட்டினாள்.

"எங்க போற?"

"எங்கயோ போறேன். நீங்க ரெண்டு பேரும் இங்கயே அடிச்சுக்கிடுங்க."

*

மட்டை பிடிப்பவளுக்குப் பின்னால் ஒரு கம்பிவலை இருந்தது. உயரமான வலை. தப்பி வரும் பந்து கூட்டத்தின் மேல் விழாமல் தடுப்பதற்கு. அங்கே யாரும் இல்லை. ஒரு வேப்பமரத்தின் அரை நிழல் இருந்தது. ஆவுடை வலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அங்கிருந்து பார்த்தால் ஆட்டமே வேறு.

படியிலிருந்து பார்த்தபோது பந்து குறுக்கே ஓடியது. இங்கே நேராக வந்தது. அவளை நோக்கியே வந்தது. ஒவ்வொரு தடவையும் தன்னை அறியாமல் ஓர் அடி பின்வாங்கினாள். வலை இருக்கிறது என்று தெரிந்தும் பின்வாங்கினாள்.

இந்தப் பந்துக்கு முன்னால்தான் என் பிள்ளை அசையாமல் நின்றாள். மூன்று தடவை நின்றாள்.

ஆவுடை முதன்முறையாக வாயை மூடிக்கொண்டு பார்த்தாள். மாவுக்கடைக்காரிக்குக் கைதான் முதலில் கண்ணில் படும். யார் எப்படிக் கரண்டி பிடிக்கிறார்கள், யார் எப்படி வாளி நீட்டுகிறார்கள். எட்டாம் நம்பரின் கையைப் பார்த்தாள். மெலிந்த கை. முழங்கைக்குக் கீழே நரம்பு தெரிந்தது. தலைக்கு மேலே வந்து, ஒரு கணம் நின்று, இறங்கும் கை. அந்த ஒரு கணத்தில் விரல்கள் தெரிந்தன. இரண்டு விரல் ஒட்டி, பந்தின் மேல்.

எப்போதாவது, மிக எப்போதாவது, அந்த விரல்கள் விரிந்திருந்தன.

வலிக்கிறது போல என்று நினைத்துக்கொண்டாள்.

ஆறாவது இன்னிங்ஸும் போனது. மூன்று பேர் போனார்கள். அந்தப் பக்கம் பார்த்தாள். பரமக்குடிக்காரர்கள் உட்கார வேண்டிய படிகள் வெறுமையாகக் கிடந்தன. ஒரு டீச்சர். பைகள். தண்ணீர்க் குடம். கை தட்ட ஓர் ஆள் இல்லை. காலையிலிருந்து அந்தப் பெண் ஒருத்திக்குப் பின் ஒருத்தியாக வீழ்த்திக்கொண்டிருக்கிறாள், சத்தமே இல்லாமல். கேட்டதெல்லாம் எங்கள் வேன் திட்டிய சத்தம்தான்.

அதற்கும் அவள் மேல்தான் எரிச்சல் வந்தது. உனக்கு ஆள் இல்லையென்றால் அதற்கு நான் என்ன செய்ய.

*

ஏழாவது. கடைசி இன்னிங்ஸ்.

முதல் மூன்று பேர் ஆட வேண்டும். மூவரும் அவுட்டானால் ஆட்டம் முடிந்தது. நான்காவதாக நிற்கும் சங்கரிக்கு மட்டை பிடிக்கவே வாய்ப்பில்லை. அன்று முழுக்க ஒருத்திகூட முதல் பேஸை மிதிக்கவில்லை.

முதல் பெண். டப். டப். டப். போனாள். பதினைந்தாவது கோடு. படியிலிருந்து செண்பகராஜின் குரல், சாவு வீட்டில் சொல்வது போல, "பதினஞ்சு."

இரண்டாவது பெண் வந்தாள். எட்டாம் நம்பர் தொப்பியைக் கழற்றவில்லை. மண்ணை எடுக்கவில்லை. கையைத் தொடையில் தேய்த்தாள். பந்து வெளியே போனது. இன்னொன்றும் வெளியே. வேன் விழித்துக்கொண்டது. நான்கு பந்து வெளியே போனால் அடிக்காமலேயே முதல் பேஸுக்கு நடக்கலாம். நான்காவதும் போனது. நம் பெண் மட்டையைக் கீழே வைத்துவிட்டு, நம்ப முடியாமல் அம்பயரைப் பார்த்துவிட்டு, நடந்தாள்.

மூன்றாவது பெண் ஆடும்போது அவள் இரண்டாவது பேஸுக்கு ஓடித் தப்பித்தாள். ஆனால் மூன்றாவது பெண் போனாள். "பதினாறு."

இரண்டு பேர் அவுட். ஒன்றுக்குப் பூஜ்யம். இரண்டாவது பேஸில் ஓர் ஆள். ஒரு நல்ல அடி விழுந்தால் அவள் சுற்றி வந்துவிடுவாள், சமம்.

சங்கரி வந்தாள். முழங்காலில் மண் அப்படியே இருந்தது. வலைக்கு இந்தப் பக்கம் அம்மா நிற்பதைப் பார்த்தாள். பார்க்காதது போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மூச்சு வாங்குவது ஆவுடைக்குக் கேட்டது.

டப். ஸ்ட்ரைக்.

ஒரு பந்து வெளியே.

அடுத்தது, டங். மட்டையில் பட்டது. பட்டுப் பின்னால் பறந்து வலையில் மோதியது. ஆவுடையின் முகத்துக்கு நேரே. வலை நடுங்கி நின்றது. ஃபவுல். இரண்டாவது ஸ்ட்ரைக்.

இனி ஒன்று தவறினால் போயிற்று. ஃபவுல் எத்தனை போனாலும் நிற்கலாம், தவறத்தான் கூடாது.

டங். ஃபவுல்.

டங். ஃபவுல்.

ஒரு பந்து தரையில் குத்தி, பிடிப்பவளின் காலில் பட்டு விலகியது. நம் பெண் மூன்றாவது பேஸுக்கு ஓடினாள். வேன் அலறியது. சண்முகவேல் என்ன கத்துகிறார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

டங். ஃபவுல்.

ஒன்று வெளியே. இதுவரை மூன்று வெளியே, இரண்டு ஸ்ட்ரைக்.

டங். ஃபவுல்.

எட்டாம் நம்பர் கையை உதறினாள். மேட்டை விட்டு இறங்கி வானத்தைப் பார்த்தாள். ஏறினாள். சங்கரி மட்டையின் நுனியால் மண்ணை ஒரு தட்டுத் தட்டினாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் வேறு யாருமே இல்லாதது போல.

ஆவுடை வலைக்குள் விரல்களை விட்டு இறுக்கினாள். விட்டுடாத. விட்டுடாத. யாரிடம் சொல்கிறாள் என்று அந்த நேரத்தில் அவளுக்கு நிச்சயமில்லை.

கை மேலே வந்தது. நின்றது. விரல்கள் விரிந்திருந்தன.

பந்து வந்தது. இடுப்புக்கு நேராக. அடிக்க வேண்டிய பந்து. நாளெல்லாம் காத்திருந்த பந்து. சங்கரி முழு உடம்பையும் திருப்பி வீசினாள். அழகான வீச்சு.

வந்த பந்து, மட்டைக்கு ஒரு கை தூரத்தில், கீழே இறங்கியது. யாரோ அதன் அடியிலிருந்து ஒரு படியை உருவிவிட்டது போல. தரைக்கு ஒரு சாண் மேலே, கையுறைக்குள்.

டப்.

"ஏ யம்மா!"

யாரோ கத்தினார்கள். யாரோ கை தட்டினார்கள். பலமாக, மூன்று நான்கு தடவை. செத்துக் கிடந்த அந்த மைதானத்தில் அந்த ஒரு கை தட்டல் மட்டும் கேட்டது.

சங்கரி திரும்பினாள். பந்து பிடித்தவள் திரும்பினாள். அம்பயர் திரும்பினார். மேட்டின் மேலே எட்டாம் நம்பர் கையைத் தொங்கவிட்டபடி பார்த்தாள்.

எல்லாரும் பார்த்தது தன்னைத்தான் என்று ஆவுடைக்குப் புரிய ஒரு கணம் ஆனது. ஒன்றோடொன்று சேர்ந்திருந்த தன் உள்ளங்கைகளை அப்போதுதான் பார்த்தாள்.

*

"யாருக்குடி தட்டுன?" என்றார் சண்முகவேல். "பெத்த பிள்ள அவுட்டாயிட்டு நிக்கா. யாருக்குத் தட்டுன நீ?"

"தெரியாம தட்டிட்டேன்."

"தெரியாம எப்படி கை தட்டும்?"

"தட்டிருச்சு. என்னய என்ன பண்ணச் சொல்லுதீக? கைய வெட்டிக்கிடவா?"

வேனில் வந்தவர்கள் வேறு பக்கம் பார்த்தார்கள். செண்பகராஜ் பதினேழாவது கோட்டைப் போடாமல் சுள்ளியை எறிந்தான். சங்கரி மைதானத்தின் மறுகோடியில் மட்டையோடு உட்கார்ந்திருந்தாள். ஆவுடை போனாள். தண்ணீர் நீட்டினாள். வாங்கவில்லை. "சாப்பிடுறியா?" என்றாள். சங்கரி மட்டையைத் திருப்பி வைத்தாள். "ஏட்டி," என்றாள். சங்கரி முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

பரிசு கொடுத்தார்கள். பிறகு ஷாமியானாவிலிருந்து ஒருவர் மைக்கைப் பிடித்துப் பெயர்களை வாசித்தார். மாநில அணிக்குப் பதினாறு பேர். முதல் பெயர் ஜெபராணி, பரமக்குடி. நீலச் சட்டை எட்டு எழுந்து நின்றது. அப்போதுதான் அவளுக்கு ஒரு பெயர் இருப்பது கோவில்பட்டிக்குத் தெரிந்தது.

பதினாறு பெயரும் போயின. சங்கரேஸ்வரி இல்லை.

"காத்திருப்போர் பட்டியல்," என்றார் மைக் பிடித்தவர். "ஒன்று..." யாரோ. "இரண்டு, சங்கரேஸ்வரி, கோவில்பட்டி."

"ரெண்டாவதுன்னா?" என்றாள் ஆவுடை.

"ரெண்டு பேருக்குக் காய்ச்சல் வரணும்," என்றார் சண்முகவேல்.

எடுத்தார்கள் என்றால் சந்தோஷப்படலாம். எடுக்கவில்லை என்றால் அழுதுவிட்டுப் போகலாம். இது என்ன. இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

*

புளிச்சோற்றுப் பாத்திரத்தைக் கழுவத் தண்ணீர்க் குழாய்க்குப் போனாள். அங்கே ஜெபராணி நின்றாள். கிட்டத்தில் இன்னும் சின்னவளாக இருந்தாள். ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள். வலது கை திருகவில்லை. இரண்டு விரலுக்கும் நடுவில் தோல் உரிந்து சிவப்பாக இருந்தது. இடது கையால் முயன்றாள். பாட்டில் வழுக்கியது.

"கொண்டா இங்க," என்றாள் ஆவுடை. பிடுங்காத குறையாக வாங்கி, திறந்து கொடுத்தாள்.

அவள் ஒரே மூச்சில் பாதியைக் குடித்தாள். "நீங்கதானே கை தட்டுனது?"

"ஆமா. தட்டித் தொலைச்சிட்டேன். எம் மக என்கிட்ட பேச மாட்டேங்கா."

"எங்க வீட்டுல யாரும் வரலை. அவங்களுக்கு இது என்னா ஆட்டம்னே தெரியாது."

"எங்களுக்கு மட்டும் தெரியுமாக்கும்."

ஜெபராணி சிரித்தாள். அன்று முழுவதும் இறுகிக் கிடந்த முகம். சிரித்ததும் பல் வரிசை கோணலாக இருந்தது. அவ்வளவு நேரம் இந்தப் பிள்ளையையா திட்டினோம் என்று ஆவுடைக்குத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

பின்னால் செருப்புச் சத்தம். சங்கரி. அம்மாவைப் பார்த்தாள். அம்மாவின் கையிலிருந்த பாட்டில் மூடியைப் பார்த்தாள். முகம் கறுத்தது. கை தட்டியது போதாது, தண்ணீர் வேறு கொடுத்தாகிறதா.

ஆவுடை வாயைத் திறப்பதற்குள் சங்கரி அவளைத் தாண்டிப் போய் ஜெபராணிக்கு எதிரே நின்றாள்.

"கடைசிப் பந்து. எப்படிப் போட்ட?"

ஜெபராணி அவளை மேலும் கீழும் பார்த்தாள். புண்ணான கையை மெதுவாக முதுகுக்குப் பின்னால் கொண்டு போனாள்.

"சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"உனக்கு மட்டும் பத்துப் பந்து போட்டேன். வேற யாருக்கும் இன்னிக்கு அத்தனை போடலை. சொல்லிக் குடுத்துட்டு, அடுத்த தடவை நீ வந்து நின்னா நான் எதைப் போடுறது?"

பாட்டிலை இடுக்கிக்கொண்டு போய்விட்டாள். பரமக்குடி டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

*

வேன் திருமங்கலம் தாண்டும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. ஜன்னலுக்கு வெளியே எல்லாம் செம்மண் நிறம். முன்னால் சண்முகவேலும் செண்பகராஜும் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கினார்கள்.

சங்கரி ஜன்னலோரம். பக்கத்தில் ஆவுடை. இடையில் மட்டைப் பை. அதை எடுத்துக் கீழே வைக்க ஆவுடைக்குத் தைரியம் வரவில்லை.

"சொல்ல மாட்டாளாம்," என்றாள் சங்கரி. ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.

ஆவுடை முந்தானையை மடியில் ஒதுக்கிக்கொண்டாள்.

"பெரிய இவ. சொல்ல மாட்டாளாம்." கொஞ்ச நேரம் கழித்து, "அது கீழ எறங்குச்சும்மா. பாத்தியா நீ?"

"பாத்தேன்."

"நெசமாவே எறங்குச்சா? எனக்குத்தான் அப்படித் தெரிஞ்சுதா?"

"எறங்குச்சு. அதப் பாத்துட்டுத்தான் நான் கத்துனேன்."

சங்கரி திரும்பினாள். கண் வீங்கியிருந்தது. "நீ வலைகிட்டத்தான நின்ன. கை தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

"எப்படி வச்சிருந்தா?"

"எப்பவும் ரெண்டு விரலையும் ஒட்டி வச்சிருப்பா. அதுக்கு மட்டும் விரிச்சிருந்தா. முன்னாடியும் ரெண்டு மூணு தடவ அப்படிப் போட்டா."

"முன்னாடியேவா? நீ பாத்தியா? பாத்துட்டு என்கிட்ட சொல்லலயா?"

"எனக்கென்னட்டி தெரியும்? கை வலிக்குன்னு விரிக்கான்னு நெனச்சேன்!"

"எம்மா!" சங்கரி தலையில் அடித்துக்கொண்டாள். முன் சீட்டில் சண்முகவேல் அசைந்து, மறுபடி தூங்கினார். "உனக்கு... உன்கிட்ட என்ன பேசுறது நான்? ஒரு சத்தம் குடுத்திருந்தா போதும். ஒரே ஒரு சத்தம்."

"நீ என்னயப் பாத்ததும் மூஞ்சியத் திருப்பிக்கிட்டியே. எப்படிக் குடுக்க?"

சங்கரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மட்டைப் பையைத் திறந்து கையை விட்டுத் துழாவினாள். ஒரு பந்து எடுத்தாள். பழைய பந்து. சிவப்புத் தையல் சாயம் போயிருந்தது. பையைத் தூக்கிக் காலடியில் போட்டுவிட்டு அம்மாவை ஒட்டி நகர்ந்து உட்கார்ந்தாள்.

"காட்டு," என்றாள்.

ஆவுடை பந்தைப் பிடித்துப் பார்த்தாள். பிடிக்கத் தெரியவில்லை. மகளின் கையிலேயே திரும்ப வைத்தாள். ஆள்காட்டி விரலை ஒரு பக்கம் தள்ளினாள். நடுவிரலை மறுபக்கம். நடுவில் பந்தை அழுத்தினாள்.

"இவ்வளவா?"

"இல்ல. இன்னும் விரி."

"வலிக்குதும்மா."

"வலிக்கத்தான் செய்யும். அந்தப் பிள்ளைக்குத் தோலே உரிஞ்சு கெடந்துச்சு," என்றாள் ஆவுடை. "விரி. இன்னும் கொஞ்சம்."